மூலைகளின் விலை

வளைந்த கண்ணாடி எதுவானாலும் படம் போடும். நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்திருந்தால் போதும். விலையுயர்ந்த லென்ஸ்களின் சிவப்பு வளையமோ ஜெர்மன் பெயரோ தேவையில்லை. பகல் நேரத்தில் ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் அருகே நின்று ஒரு பூதக்கண்ணாடியைச் சுவரை ஒட்டிப் பிடித்து மெதுவாகப் பின்னுக்கு இழுத்துப் பாருங்கள். ஓரிடத்தில் ஜன்னல் சட்டென்று சுவரில் வந்து உட்காரும். தலைகீழாக, கம்பிகளோடு, வெளியே காயும் துணியின் நிறத்தோடு. கொடியில் துணி ஆடினால் சுவரிலும் ஆடும். மின்சாரமும் இல்லை, மென்பொருளும் இல்லை. கிட்டப்பார்வைக்காரரின் மைனஸ் கண்ணாடியை வைத்து இதே காரியத்தைச் செய்தால் சுவரில் ஒரு மங்கல் நிழல்தான் விழும். நடுவில் மெலிந்த கண்ணாடி ஒளியைக் கூட்டாது, கலைத்துவிடும்.

வீட்டில் கிடைப்பதை வைத்துக் கேமரா லென்ஸ் செய்ய உட்காருகிறவர்கள் முதலில் சந்திப்பது இந்த இலவசத்தைத்தான். பிறகு கடையில் ஒரு லென்ஸுக்கு ஏன் அவ்வளவு விலை? மூலைகளுக்காக. 1857இல் லுட்விக் ஃபான் ஸைடல் என்ற ஜெர்மானியர், வண்ணச் சிதறலைத் தள்ளிவைத்துவிட்டு, ஒற்றை நிற ஒளியிலேயே லென்ஸ் செய்யும் பிழைகளை ஐந்தாக வகுத்துக் கணிதத்தில் எழுதினார். அந்த ஐந்தில் நான்கு, படத்தின் நடுப்புள்ளியில் கிடையாது. ஓரத்துக்குப் போகப்போகத்தான் தலையெடுக்கும். புள்ளி வால்முளைத்து நீளும், கோடு வளையும், தட்டையான சுவர் கிண்ணமாகிவிடும். அதற்கு முன்பே, 1840இல், வியன்னாவில் யோசெஃப் பெட்ஸ்வால் உருவப்படங்களுக்கென ஒரு லென்ஸைக் கணக்குப் போட்டே வடிவமைத்தார். பீரங்கிப் படையில் கணக்கு தெரிந்தவர்கள் அவருக்கு உதவிக்கு அனுப்பப்பட்டார்கள். கண்ணாடியைத் தேய்த்துப் பார்த்து, மறுபடி தேய்த்துப் பார்க்கும் கைத்தொழில் அங்கே காகிதத்துக்கு மாறியது. இன்று கேனானின் எளிய 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸுக்குள்ளேயே 6 கண்ணாடிகள் இருக்கின்றன. படம் போட ஒன்று போதும். மற்ற ஐந்தும் அந்த ஒன்று செய்யும் தப்புகளைத் திருத்த வந்தவை.

தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைப் பையன்களுக்கு இது பாடப்புத்தகத்தைத் திறக்காமலே தெரியும். டூரிங் கொட்டகையின் ஆபரேட்டர் ரூமுக்குப் பின்னால் பொறுக்கிய துண்டு பிலிம், ஃபியூஸ் போன குண்டு பல்பு, முகம் பார்க்கும் கண்ணாடி, அப்பாவின் வெள்ளை வேட்டி. பல்பின் அடியிலிருக்கும் கறுப்பு வட்டத்தை ஆணியால் தட்டிப் பெயர்த்து, உள்ளிருக்கும் கண்ணாடித் தண்டையும் இழையையும் உதறிவிட்டுத் தண்ணீர் நிரப்பினால் லென்ஸ் தயார். ஒருவன் வெளியே வெயிலில் நின்று கண்ணாடியைச் சாய்த்துக் கதவுச்சந்து வழியாக ஒளியை உள்ளே அடிப்பான். உள்ளே இன்னொருவன் பிலிமைப் பல்புக்கு முன்னால் பிடிப்பான். அதைத் தலைகீழாகப் பிடிக்கத் தெரிந்தவனுக்குத்தான் ஆபரேட்டர் பதவி. நீர் நிரம்பிய கோளத்தின் குவியத் தூரம், மையத்திலிருந்து அளந்தால், ஏறக்குறைய அதன் விட்டமேதான். ஆறு சென்டிமீட்டர் பல்புக்கு ஆறு சென்டிமீட்டர். ஆகவே பிலிம் பல்பின் பக்கத்திலிருந்து இரண்டு விரல் அகலத் தொலைவில் நிற்க வேண்டும். யாரும் அளந்ததில்லை. கை தானாகக் கண்டுபிடித்துவிடும். எம்.ஜி.ஆர். நடுவில் இருந்தால் வேட்டியில் முகம் பளிச்சென்று விழும். ஓரத்தில் நிற்கும் நம்பியார் கரைந்து ஒழுகிவிடுவார். மூலையில் நிற்பவருக்கு நியாயம் செய்யத் தண்ணீர் பல்பால் முடியாது.

கேமராவுக்கு வருவோம். கண்ணாடிக் கடைச் சீட்டில் எழுதித் தரும் 'பவர்' என்பது குவியத் தூரத்தின் தலைகீழ். ஒரு மீட்டரைப் பவரால் வகுத்தால் தூரம் வந்துவிடும். பேப்பர் படிக்கப் போடும் +2 கண்ணாடிக்கு 500 மி.மீ. அதைக் கேமராவில் மாட்ட வேண்டுமானால் அரை மீட்டர் குழாய் வேண்டும். பார்க்கிறவர்கள் துப்பாக்கி என்று நினைப்பார்கள். +10 இருந்தால் 100 மி.மீ. முகங்களைப் படமெடுக்க அது நல்ல தூரம். அந்த +10 ஒரு காலத்தில் ஊர் ஊராகக் கிடைத்தது. கண்புரையை எடுக்கும்போது கண்ணின் சொந்த லென்ஸையே முழுதாக எடுத்துவிட்டு, அந்த இழப்பை ஈடுகட்டத் தடித்த கண்ணாடி கொடுத்த காலம் அது. முகாமுக்குப் போன பாட்டிகள் பச்சைத் துணிக்கட்டோடு திரும்பி வந்து, சில வாரங்களில் பழுப்பு நிற பிளாஸ்டிக் ஃபிரேமுக்குப் பின்னால் பிதுங்கிய பெரிய கண்களோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். எடையைக் குறைக்க அந்தக் கண்ணாடியில் நடுவட்டத்துக்கு மட்டும்தான் பவர் இருக்கும். சுற்றிலும் மெல்லிய தட்டைக் கண்ணாடி, நடுவில் ஆஃப்பாயிலின் மஞ்சள் கரு போல ஒரு மேடு. என் பாட்டியின் கண்ணாடி பீரோவில், காலாவதியான ரேஷன் கார்டுக்கும் தைல டப்பாவுக்கும் இடையில் கிடந்தது. அதிலிருந்துதான் என் லென்ஸ் வந்தது.

மற்றவை எல்லாம் ஹார்டுவேர் கடைச் சரக்கு. ஒன்றரை அங்குல பி.வி.சி. குழாயில் ஒரு துண்டு, அதற்கான கப்ளிங் ஒன்று. கப்ளிங்கின் உள்ளே நடுவில் ஒரு சின்ன விளிம்பு இருக்கும். இரண்டு பக்கக் குழாயும் அதற்கு மேல் போகாமல் தடுப்பதற்காக வைத்தது. கண்ணாடி அதன் மேல் உட்கார்ந்துகொள்ளும். ஃபிரேமுக்காக வெட்டப்பட்ட கண்ணாடி வட்டமாக இருக்காது. இடைவெளியைக் கறுப்பு சார்ட் பேப்பராலும் எம்-சீலாலும் அடைக்க வேண்டியதுதான். கேமராவின் வாய்க்குப் போடும் பிளாஸ்டிக் மூடியில் வட்டமாக வெட்டி அதில் குழாயைச் செருகினால் மவுண்ட். வெட்டிய மூடியை நன்றாகக் கழுவிக் காயவைக்காமல் மாட்டக்கூடாது. பிளாஸ்டிக் தூள் சென்சாரில் போய் ஒட்டிக்கொள்ளும். கேனான் டி.எஸ்.எல்.ஆரில் மவுண்டிலிருந்து சென்சார் 44 மி.மீ. உள்ளே இருக்கிறது. மீதி 56 மி.மீ. தூரத்தைக் குழாய் தர வேண்டும். ஃபோகஸ் செய்ய ஒரு குழாய்க்குள் இன்னொன்று வழுக்க வேண்டும். நடுவில் ஒரு சுற்று வெல்வெட் துணி ஒட்டினால் வழுக்கவும் செய்யும், வெளிச்சமும் கசியாது. எல்லையற்ற தூரத்துக்கு 100 மி.மீ.யில் நிற்கும் கண்ணாடி, மூன்று மீட்டரில் நிற்பவருக்கு 3 மி.மீ. முன்னால் நகர வேண்டும். ஒரு மீட்டருக்கு 11 மி.மீ. முகம் நெருங்க நெருங்கக் குழாய் எப்படி அவசரப்படுகிறது என்பது விரலுக்குத் தெரியும். மோட்டார் வைத்த லென்ஸ்களில் இது தெரிய வாய்ப்பே இல்லை.

உட்புறக் கறுப்பைத்தான் எல்லோரும் அலட்சியம் செய்வார்கள். பி.வி.சி.யின் உட்சுவர் வழவழப்பானது. பக்கவாட்டில் வரும் வெளிச்சம் அதில் பட்டுப் படம் முழுக்கப் பால் ஊற்றியதுபோல் ஆகிவிடும். உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கி, மினுமினுப்பில்லாத கரும்பலகை பெயின்ட் அடிக்க வேண்டும். கோவையிலையையும் அடுப்புக்கரியையும் அரைத்து வகுப்புக் கரும்பலகையில் பூசிய கைகள் இன்னும் இருக்கின்றன. பளபளக்கும் கறுப்பு கறுப்பே அல்ல என்பதைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிறகு துவாரம். ஆபீஸ் பஞ்சிங் மெஷின் போடும் ஓட்டை ஏறக்குறைய 6 மி.மீ. 100ஐ 6ஆல் வகுத்தால் எஃப் 16 பக்கத்தில் வரும். கறுப்புத் தாளில் அந்த ஓட்டையைப் போட்டு லென்ஸுக்கு முன்னால் வைத்தால் படம் நம்ப முடியாத அளவு கூர்மையாகிறது. தாளை எடுத்துவிட்டு முழுக் கண்ணாடியையும் திறந்தால் எஃப் 3க்கும் கீழே. கன்னத்தைச் சுற்றி ஒளி கசிகிறது, தெருவிளக்குக்கு ஊதா விளிம்பு முளைக்கிறது. நடுவில் மூக்கும் கண்ணும் நிற்க, காதிலிருந்து எல்லாமே வெளிப்பக்கம் இழுபடுகின்றன.

தாளை எங்கே வைப்பது என்பதில் ஒரு பழைய கதை இருக்கிறது. இங்கிலாந்தில் வில்லியம் ஹைட் வொல்லஸ்டன் என்ற வேதியியலாளர் 1804இல் ஒருவகை மூக்குக் கண்ணாடியைக் கொண்டுவந்தார். அதுவரை இருபுறமும் குவிந்திருந்த கண்ணாடிக்குப் பதிலாக, வெளிப்பக்கம் குவிந்து கண் பக்கம் குழிந்த பிறைவடிவம். விழியைப் பக்கவாட்டில் திருப்பினாலும் ஓரம் அவ்வளவாகக் கெடாது. எட்டு வருடம் கழித்து, 1812இல், அதே பிறையை எடுத்து, வெளிக்காட்சியைத் திரையில் விழவைக்கும் இருட்டுப்பெட்டியான கேமரா அப்ஸ்க்யூராவில் பொருத்தினார். புகைப்படம் என்ற ஒன்று அப்போது பிறக்கவே இல்லை. ஆனால் கண்ணாடியை அவர் திருப்பிப்போட்டார். குழிந்த பக்கம் உலகத்தைப் பார்த்தது, அதற்குச் சற்று முன்னால் ஒரு துவாரம். கொஞ்சம் யோசித்தால் அந்தத் துவாரம் எங்கிருந்து வந்தது என்று பிடிபடும். மூக்குக் கண்ணாடியில் அந்த இடத்தில்தான் கண்மணி இருக்கிறது. 1900இல் கோடக் ஒரு டாலருக்கு விற்ற பிரவுனி கேமராவிலும் இருந்தது ஒற்றைப் பிறைக் கண்ணாடிதான்.

ஆக, என் குழாயில் பாட்டியின் கண்ணாடி திரும்பி உட்கார்ந்திருக்கிறது. எந்தப் பக்கத்தில் அவள் கண் இருந்ததோ அந்தப் பக்கம் இப்போது தெருவைப் பார்க்கிறது. பஞ்சிங் மெஷினின் ஓட்டை இருப்பது அவள் கண்மணி இருந்த தூரத்தில்.

வீட்டுத் தயாரிப்பு லென்ஸ் என்றால் கலை உலகம் உடனே சொல்லும் பெயர் மிரோஸ்லாவ் டிஹீ. 1926இல் மொராவியாவில் பிறந்தவர். பிராக்கில் ஓவியம் படித்தார். 1948இல் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தபின் கலைப்பள்ளியை விட்டார், பிறகு சொந்த ஊரான கியோவுக்குத் திரும்பிக் கந்தலும் தாடியுமாக வாழ்ந்தார். அறுபதுகளிலிருந்து எண்பதுகளின் நடுப்பகுதிவரை அந்தச் சிற்றூரின் பெண்களைப் படமெடுத்தார். கேமராவும் அவரே செய்ததுதான். ஒட்டுப்பலகை, அட்டைக் குழாய், நூற்கண்டுச் சக்கரம், உள்ளாடை எலாஸ்டிக், சாலைத் தார். லென்ஸைப் பிளெக்ஸிகிளாஸில் வெட்டி, உப்புத்தாளில் தேய்த்து, பற்பசையும் சிகரெட் சாம்பலும் குழைத்து மெருகேற்றினார். படங்கள் எல்லாம் புகைமூட்டத்துக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கின்றன. ஒரு முழங்கால், நீச்சல்குளக் கம்பிவேலிக்கு அப்பால் ஒரு முதுகு, பேருந்துக்குக் காத்திருக்கும் ஒருத்தியின் கழுத்து. 2004இல் செவில் பியனாலேயில் ஹரால்ட் ஸீமன் அவற்றைக் காட்சிக்கு வைத்தார். 2008இல் பாரீஸின் பாம்பிடூ மையம், 2010இல் நியூயார்க். 2011இல் இறந்த டிஹீ தன் கண்காட்சி எதற்கும் போகவில்லை.

அவருடைய கைவேலை எனக்கு வியப்பு. பிளெக்ஸிகிளாஸின் நிறச்சிதறல் சாதாரணக் கண்ணாடியின் சிதறலுக்குக் கிட்டத்தட்டச் சமம்தான். மூட்டம் பிளாஸ்டிக்கின் குற்றமில்லை, பற்பசையின் எல்லை. ஆனால் அந்தப் படங்களைப் பற்றிய புகழுரைகளைப் படிக்கும்போது ஒரு கசப்பு வருகிறது. மங்கல் அங்கே ஒரு மன்னிப்புக் கடிதமாகப் பயன்படுகிறது. அதே பெண்களை அதே வேலிச்சந்தில் ஒரு கூரான ஜப்பானிய லென்ஸால் எடுத்திருந்தால் எந்த மியூசியமும் தொட்டிருக்காது. தகரமும் அட்டையுமான அந்தப் பெட்டியைப் பார்த்து, இது நிஜக் கேமரா இல்லை, கிறுக்கு விளையாடுகிறது என்று பலர் நினைத்திருக்கிறார்கள். ஓட்டை லென்ஸ் அவருக்கு ஏழ்மையின் விளைவு மட்டுமல்ல, நல்ல வேஷமும்கூட. கியோவ் பெண்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. சுவரில் தொங்கும் மங்கல் பார்க்கிறவருக்கு இதமாக இருக்கிறது. படத்துக்குள் இருப்பவளுக்கு அதில் என்ன இதம்?

அவர் தேய்த்த பிளெக்ஸிகிளாஸ் என்ற பொருளுக்கு இன்னொரு வாழ்க்கை உண்டு. இங்கிலாந்தில் அதற்குப் பெயர் பெர்ஸ்பெக்ஸ். உலகப்போரில் விமானத்தின் மேல்மூடி நொறுங்கி அதன் சில்லுகள் விமானிகளின் கண்ணுக்குள் பாய்ந்தபோது, கண் அந்தச் சில்லுகளைப் பொறுத்துக்கொண்டதைக் கவனித்த ஹெரால்ட் ரிட்லி என்ற மருத்துவர், 1949 நவம்பரில் லண்டனில் அதே பொருளில் செய்த லென்ஸ் ஒன்றைப் புரை நீக்கிய கண்ணுக்குள்ளேயே வைத்தார். பல வருடங்கள் அவரைச் சக மருத்துவர்கள் ஏசினார்கள். அந்த லென்ஸ் நம் ஊருக்கு எட்டும் விலைக்கு வர நாற்பது வருடங்களுக்கு மேல் ஆனது. 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இறக்குமதி லென்ஸ் ஏழைகளுக்குக் கட்டுப்படியாகாததால், 1992இல் ஆரோலேப் என்று தனியே ஓர் அமைப்பு ஏற்படுத்தி அதை மதுரையிலேயே செய்யத் தொடங்கியது. அதன்பின் திண்ணைகளில் பிதுங்கிய கண்கள் குறைந்துகொண்டே வந்தன. என் பாட்டி அதற்கு முந்தையவள்.

பாட்டியின் லென்ஸில் எடுத்த படங்களைக் கணினியில் வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனபோது ஒரு தெருப்படம் என்னை நிறுத்தியது. நடுவில் டீக்கடை பாய்லர், ஆவி, பித்தளை எல்லாம் சரியாக இருக்கின்றன. ஓரத்தில் கதவுநிலை வளைந்து உள்ளே சாய்கிறது. நண்பர்கள் அதைத்தான் 'செம மூட்' என்றார்கள். அந்த மூடில் என் பாட்டி பதினைந்து வருடம் குடியிருந்தாள் என்று அப்போதுதான் உறைத்தது. +10 கண்ணாடி, பார்ப்பதை நாலில் ஒரு பங்குக்கு மேல் பெரிதாக்கும். பெரிதாகத் தெரிவது பக்கத்தில் இருப்பதாகத் தோன்றும். அதனால்தான் டம்ளரை வாங்க நீட்டிய கை பாதியிலேயே மூடிக்கொண்டது, வாசற்படியில் கால் முன்கூட்டியே இறங்கியது. கதவுநிலை அவளுக்கும் வளைந்துதான் தெரிந்திருக்கும். இதைவிடப் பெரிய தொல்லை ஒன்றைக் கண் மருத்துவப் புத்தகங்கள் சொல்கின்றன. பெரிதாக்கப்பட்ட நடுப்பகுதிக்கும் கண்ணாடிக்கு வெளியே தெரியும் மங்கல் உலகத்துக்கும் இடையில், வளையமாக ஓரிடம் எதிலும் அகப்படாமல் போய்விடும். அதற்குள் புகுந்த சைக்கிள் இல்லாமலாகி, சட்டென்று மூக்குக்கு நேரே முளைக்கும். கண்ணைத் திருப்பினால் வளையமும் கூடவே ஓடிவரும். ஆகவே கண்ணைத் திருப்பாமல் தலையையே திருப்பப் பழகிக்கொண்டார்கள். "ஏ அப்பத்தா, கோழி மாதிரி பாக்குறியே" என்று நாங்கள் சிரித்திருக்கிறோம். "எனக்கு நேராத்தான்டா எல்லாம் தெரியுது, நீங்கதான் எங்கெங்கேயோ நிக்கிறீங்க" என்பாள். அவள் சொன்னதில் ஒளியியல் பிழை எதுவும் இல்லை.

2013இல் லோமோகிராபி நிறுவனம் பெட்ஸ்வாலின் பழைய லென்ஸைப் பித்தளையில் மறுபடி செய்து விற்றது. ஓரத்தில் இலைகள் சுழல்வதுபோல் தெரிவதுதான் அதன் விற்பனைச் சரக்கு. அந்தச் சுழல், பெட்ஸ்வால் தன் கணக்கில் சரிசெய்ய முடியாமல் விட்ட மிச்சம். வாங்குகிறவர்களைக் குறை சொல்லவில்லை. நானும் அந்தப் படங்களை ரசிக்கிறேன். ஆனால் மூலையைக் கெடுத்துக்கொள்வது ஷட்டரை அழுத்தியதும் கீழே வைத்துவிடக்கூடியவர்களுக்கு மட்டும் கிடைக்கும் சுகம். அதைப் போட்டுக்கொண்டு படியிறங்க வேண்டியவர்களுக்கு ஸைடலின் ஐந்து பிழைகளும் ஐந்து தடுக்கல்கள். கூர்மையான லென்ஸை உயிரற்றது என்று எழுதுகிற புகைப்பட விமர்சகர்கள் கண் பரிசோதனைக்குப் போகும்போது அந்த அழகியலையும் கூட எடுத்துப் போகிறார்களா என்று பார்க்க ஆசை.

இன்னொரு +10 தேவைப்பட்டது. எங்கள் கடைத்தெரு ஆப்டிகல்ஸில் கேட்டேன். கடைக்காரர் சீட்டு எங்கே என்றார். சீட்டு இல்லை, கேமராவுக்கு என்றேன்.

"பிளஸ் பத்தா? அது இப்ப யாரும் போடறதில்ல சார். உள்ளயே லென்ஸ் வச்சிடறாங்க. ஆர்டர் போட்டுத்தான் வரவழைக்கணும்."

"வரவழைங்க."

"சிலிண்டர் பவர் ஏதாச்சும் உண்டா?"

"கேமராவுக்குங்க."

"சரி சரி. ஆனா ஒத்தையா வராது, ஜோடியாத்தான் வரும்."

ஜோடியாக வருவது நல்லதுதான். இரண்டு பிறைகளின் குழிந்த பக்கங்களை ஒன்றையொன்று பார்க்கவைத்து, நடுவில் துவாரத்தை வைக்கும் ஏற்பாடு பழையது; 1865இல் ஸ்டைன்ஹைல் என்ற லென்ஸ் தயாரிப்பாளர் அதைப் பெரிஸ்கோப் என்ற பெயரில் விற்றார். முன்கண்ணாடி ஒரு பக்கம் வளைப்பதைப் பின்கண்ணாடி எதிர்ப்பக்கம் வளைத்துவிடும். இரண்டுக்கும் நடுவே 20 மி.மீ. விட்டால் கூட்டுக் குவியத் தூரம் சுமார் 55 மி.மீ. குழாயும் குட்டையாகிறது. ஓரத்து மங்கல் போகாது, ஊதா விளிம்பும் முழுதாகப் போகாது. கதவுநிலை நேராகிவிடும். முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். ஃபிரேம் வேண்டாம் என்று நான் சொன்னதை அவர் இன்னும் நம்பவில்லை.